மூன்று தாழ்ப்பாள் போட்ட மேசை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அந்த வீட்டை வாங்கினோம். வாங்கி முடித்தபோது கையில் மிஞ்சியது சாவி மட்டும்தான். மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் இனி என் கணவரின் கைத்திறமையை நம்பித்தான் வர வேண்டும். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மற்ற நேரமெல்லாம் 'நீங்களே செய்யலாம்' வீடியோக்கள் பார்ப்பதுதான் வேலை. பழைய ஏணி ஒன்று துணி மாட்டும் கொடியானது. உடைந்த தையல் மெஷினின் இரும்புக் கால்மேல் வாஷ்பேசின் ஏறியது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகவே இருந்தன.

அந்தத் தைரியத்தில்தான் கதவை வாங்கினார்.

இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் கடையின் பின்பக்கச் சுவரில் அது சாய்ந்து நின்றது. கருத்த, கனத்த மரம். மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று பித்தளைத் தாழ்ப்பாள்கள். மூன்றும் ஒரே பக்கம்.

"உள்பக்கம் ஒண்ணுகூட இல்லையே?" என்று கேட்டேன்.

"ஸ்டோர் ரூம் கதவா இருந்திருக்கும்மா," என்றார் கடைக்காரர். "மூட்டை முடிச்செல்லாம் உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டுக்குமா என்ன?"

நாங்கள் சிரித்தோம். கதவைப் புரட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கீழ்ப்பாதியில், தரையில் உட்கார்ந்திருப்பவர் கை எட்டும் உயரத்தில், ஒரே இடத்தில் மரம் தேய்ந்து குழிந்திருந்தது. என்ன நினைத்தேனோ, விரல் முட்டிகளை மடக்கி அந்தக் குழியில் வைத்தேன். அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

"இந்த அசிங்கமான பக்கம் கீழ போயிடும்," என்றார் என் கணவர். "யார் குனிஞ்சு பாக்கப் போறா?"

அதைச் சாப்பாட்டு மேசையாக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கீல்களைக் கழற்றினார். சுற்றிலும் மரச்சட்டம் அடித்தார். அழகாக இருக்கும் என்று சட்டத்தில் துளை போட்டு, மூன்று தாழ்ப்பாள்களையும் அதற்குள் தள்ளிப் பூட்டினார். தட்டு வைத்தால் ஆடக்கூடாதே என்று மேலே ரெசின் ஊற்றினார். ஊற்றும்போது தேன் மாதிரி ஓடும், காய்ந்தால் கண்ணாடியாக இறுகிவிடும் பசை அது. மூன்று தாழ்ப்பாள்களும் அதற்கடியில் பளபளவென்று மின்னின. வந்தவர்கள் எல்லாரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் சத்தம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது.

டொக். டொக்.

என் தட்டுக்கு நேர் கீழே.

"காலை ஆட்டாதடி," என்று மகளை அதட்டினேன். அவள் ஒன்றாம் வகுப்பு. செய்யும் சேட்டைக்கு வீட்டில் எல்லாருக்கும் அவள் 'வாலு'.

"நான் ஆட்டலம்மா." அவள் நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"பழைய மரம். காஞ்சா அப்படித்தான் சத்தம் போடும்," என்றார் இவர்.

மரம் காய்ந்தால் ஒரு சத்தம் போடும், ஒத்துக்கொள்கிறேன். இது தட்டிவிட்டு நிறுத்தியது. யாராவது வருகிறார்களா என்று காத்திருந்தது. பிறகு மறுபடி தட்டியது. என் டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. அன்றிலிருந்து அந்த மேசையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாலுவுக்கு மட்டும் அதன் அடியை விட்டு வர மனமில்லை. மேசைவிரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பாள்.

"யார்கிட்டடி பேசற?"

"அந்தம்மாகிட்ட. அவங்க பாப்பாவைக் காணோமாம்."

அவளைத் தரதரவென்று வெளியே இழுத்தேன். "நாளைக்கே இதைத் தூக்கிக் கடாசுங்க," என்று இவரிடம் கத்தினேன். பிள்ளை விளையாட்டுக்குப் போய்ப் பயப்படுகிறாயே என்று அவர் கேலி செய்தார்.

அடுத்த ஞாயிறு, பட்டப்பகல். வாலுவுக்குத் தலைக்குக் குளிப்பாட்டி, முடியைக் காயவிட்டிருந்தேன். துண்டைப் பிழிந்து போட்டுவிட்டு வந்தபோது கூடத்தில் அவள் இல்லை. மேசைவிரிப்பு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"வெளிய வா. எத்தனை தடவை சொல்றது?"

விரிப்பைத் தூக்கினேன்.

வெறும் தரை. அவளுடைய செருப்பு ஒரு ஜோடி.

டொக். டொக்.

"அம்மா, தெறம்மா." மரத்துக்குள்ளிருந்து என் பிள்ளையின் குரல் வந்தது. "இருட்டா இருக்கும்மா."

நான் போட்ட கூச்சலில் இவர் ஓடி வந்தார். அந்தக் குரலை அவரும் கேட்டார். சுத்தியலையும் உளியையும் எடுத்து, தானே பார்த்துப் பார்த்து ஊற்றிய கண்ணாடியைப் பைத்தியம் மாதிரி உடைத்தார். சில்லுகள் தெறித்தன. கையெல்லாம் ரத்தம்.

மேல் தாழ்ப்பாள் விட்டது.

"அம்மா..." குரல் தூரத்தில் போய்விட்டிருந்தது.

நடுத் தாழ்ப்பாள்.

குரலே இல்லை.

கீழ்த் தாழ்ப்பாள் அசையவில்லை. அவர் உளியை இடுக்கில் கொடுத்து நெம்ப, நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது சறுக்கித் திறந்தது.

கீல் இல்லாத கதவு, கீல் இருப்பதைப் போலவே கிரீச்சிட்டு மேலே எழும்பியது.

அதன் கீழே எங்கள் வீட்டுத் தரை இல்லை. இருட்டு. வருடக்கணக்காகக் காற்றுப் படாத அறையின் புழுக்க வாடை முகத்தில் அடித்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினேன். சின்னக் கை ஒன்று அகப்பட்டது. இழுத்தேன். வரவில்லை.

அந்தப் பக்கமும் யாரோ பிடித்திருந்தார்கள்.

"விடு!" என்று கத்தினேன். "என் பொண்ணு! விடு!"

இரண்டு பக்கமும் இழுத்ததில் வாலு வீரிட்டாள். "வலிக்குதும்மா!"

நான் விடவில்லை.

அந்தப் பக்கம்தான் விட்டது.

பிள்ளையோடு நான் பின்னால் விழுந்தேன். இவர் கதவை அறைந்து மூடி மூன்று தாழ்ப்பாளையும் போட்டார். உள்ளேயிருந்து யாரும் தட்டவில்லை. யாரோ அழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு நின்றது. வாலுவின் உடம்பெல்லாம் தூசி, கை தோள்பட்டையிலிருந்து தொங்கியது. நான் விரித்துவிட்டிருந்த அவள் கூந்தல் ஒரு மயிர் பிசகாமல் ஒற்றைப் பின்னலாகப் பின்னப்பட்டிருந்தது.

அன்றே கதவைத் துண்டு துண்டாக அறுத்து எரித்தோம். சாம்பலைக்கூட வீட்டருகில் வைக்கவில்லை. தோள் கட்டுப் பிரிக்கும்வரை வாலுவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ராத்திரியில் விழித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறாளா என்று தடவித் தடவிப் பார்ப்பேன். இருந்தாள். சிரித்தாள், சேட்டை செய்தாள். பழையபடி ஆகிவிட்டோம் என்றே நம்பினேன்.

நேற்றுக் காலை அவளைக் குளிப்பாட்டி பால்கனி வெயிலில் உட்கார வைத்துவிட்டு, சீப்பு எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

வாலு எனக்கு முதுகைக் காட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கூந்தல் மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒன்று எழும்பி மற்றொன்றின்மேல் விழுந்தது. பிறகு அடுத்தது. நிதானமாக, அவசரமே இல்லாமல், பின்னல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பின்னுகிற கையைக் காணவில்லை.

"வாலு," என்றேன். "இங்க வாடி. அம்மா பின்னி விடறேன்."

அவள் தலையைத் திருப்பவில்லை.

"வேண்டாம்மா," என்றாள். "நீ இழுப்ப."