நூறாவது பிள்ளை

சிமிழின் மூடியில் செதுக்கியிருந்த பையன்களில் ஒருவனைக் காணோம். பட்டம் விடுபவனுக்கும் பம்பரம் சுற்றுபவனுக்கும் நடுவே, நகம் அளவுக்கு வழவழவென்று வெற்றிடம்.

"அரண்மனை அரக்குச் சாமான். ஒரு பையன் பேந்து போனதால மொதலாளி எனக்குக் குடுத்துட்டாரு. நூறு பையன் இருக்கிற சிமிழ் வீட்டுல இருந்தா ஆம்பளப் புள்ள பொறக்குமாம்" என்றான் நரேஷ். சீனத்தெருவில் பழைய சாமான் கடையில் அவனுக்கு வேலை.

ராதாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு வயது மகள் பவுனு அவன் காலடியில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"இவ உங்க கண்ணுக்குப் புள்ளயாத் தெரியலையா?"

அவன் சிமிழைத் துடைத்தான். சிவப்பாக, வட்டமாக இருந்ததால் அதில் குங்குமத்தைக் கொட்டிச் சாமிப் படத்தின் முன் வைத்தான். வெள்ளிதோறும் அதிலிருந்து பவுனுவுக்குப் பொட்டு வைத்து, தம்பி வேண்டுமென்று கும்பிடச் சொன்னான்.

மூன்றாவது வெள்ளி. அவன் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. அவர்கள் குடியிருந்த தாகேதாவில் கரண்ட் போய், மழை தகரத்தில் இடைவிடாமல் கொட்ட, காயாத அரக்கின் புளித்த நெடி சாமி மாடத்திலிருந்து கிளம்பிச் சமையலறைவரை வந்து, கொதிக்கும் சோற்று வாசனையையும் அமுக்கிவிட்டது. அடுத்த அறையில் பவுனுவின் கொலுசு ஒலித்தது. காலையிலிருந்து அவள் நெற்றிப் பொட்டைச் சுற்றிக் கொப்புளம்.

"அம்மா, அரிக்குது."

ராதாமணிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பெற்ற பெண்ணின் நெற்றியைப் புண்ணாக்கியா மகன் வேண்டும்? சிமிழை எடுத்து அம்மியில் வைத்தாள். இருட்டில் மூடி தெரியவில்லை. விரலுக்கு மட்டும், வெற்றிடம் இருந்த இடத்தில் ஏதோ மேடாகத் தட்டுப்பட்டது. குழவியைத் தூக்கி ஒரே போடு.

கொலுசு நின்றது.

"பவுனு?"

அடுத்த அறைக்கு ஓடித் துழாவினாள். அறையில் பாய் மட்டும் கிடந்தது. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

திரும்பி வந்தாள். போன் டார்ச்சை மூடியின் மேல் அடித்தாள்.

பட்டத்துக்கும் பம்பரத்துக்கும் நடுவே ஒரு பெண் குழந்தை. இரட்டைச் சடை. கன்னங்களில், காலையில் அவளே பூசிவிட்ட தனக்கா மரப்பட்டைச் சாந்தின் வட்டங்கள். திறந்த வாய். ஒரு கால் முழங்காலோடு இல்லை.

அம்மியடியில் சிவப்பாக ஒரு சில்லு கிடந்தது. எடுத்தாள். ஒரு பிஞ்சுக் கால், அதில் கடுகளவு கொலுசு. உடைந்த முனை ஈரமாக, சூடாக இருந்தது.

வெளியே நரேஷ் கதவைத் தட்டினான். மூடியிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"வலிக்குதும்மா."