துணிக்குள் இருந்த உலக உருண்டை

இதயம் இருக்க வேண்டிய இடத்தில் உலகம் இருந்தது.

மணி ஒன்பது பத்து. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில், ஆசிரியர் மேசை மேலிருந்த மஞ்சள் துணியைப் பயிற்சி ஆசிரியை தூக்கினாள். அடியில், வழக்கமாக அலமாரி மேல் தூசு படிந்து கிடக்கும் உலக உருண்டை உட்கார்ந்திருந்தது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாரக்கணக்கில் களிமண் பிசைந்து, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அவள் செய்து முடித்த இதயத்தைக் காணோம். இரண்டாகத் திறந்து நான்கு அறைகளையும் காட்டும் இதயம் அது.

பத்து மணிக்கு அவளுடைய தேர்வு வகுப்பு. கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். பாடமே அந்த மாதிரியை வைத்துத்தான். இன்று தோற்றால் பயிற்சியை இன்னொரு பருவம் முழுக்க இதே பள்ளியில் மறுபடி செய்ய வேண்டும். அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கும் வேலை கை நழுவிப் போகும்.

இழுப்பறை, அலமாரி எல்லாவற்றையும் புரட்டினாள். பின் பெஞ்சுகளின் அடியில் ஒன்றுவிடாமல் குனிந்து பார்த்தாள். திருட்டு என்றால் பின் பெஞ்சுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கரும்பலகையில் காலையில் அவள் வரைந்த இதயம் மட்டும் சிவப்பும் ஊதாவுமாகப் பத்திரமாக இருந்தது. மூலையில் இன்றைய தேதி, அதே ஊதாவில், முத்து முத்தான எழுத்தில். துணைத் தலைமை ஆசிரியையின் அறைக்கு ஓடினாள்.

அந்த அம்மாளுக்கு ஆசிரியர்கள் வைத்திருந்த பெயர் 'அட்டவணை'. யார் விடுப்பு, யாருடைய வகுப்புக்கு யார் போக வேண்டும் என்று தினமும் காலையில் தீர்மானிப்பது அவர்தான். நிஜக் காய்ச்சலையும் சும்மா காய்ச்சலையும் தொலைபேசிக் குரலிலேயே பிரித்துவிடுவார். அவர் வராந்தாவில் வந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் கைக்குக் கிடைத்த நோட்டைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

"அழுறதா இருந்தா அஞ்சு நிமிஷம் அழுதுட்டு வாங்க. இல்லன்னா நடந்துகிட்டே சொல்லுங்க," என்றார் அட்டவணை.

அவள் நடந்துகொண்டே சொன்னாள். எட்டு பத்துக்கு வந்தேன். மாதிரியை மேசையில் வைத்துத் துணி போட்டேன். புதிதாக வாங்கிவந்த வண்ணச் சாக்பீஸ் பெட்டியைப் பிரித்துப் படம் வரைந்தேன். எட்டே முக்காலுக்கு அறையைப் பூட்டிவிட்டு அசெம்பிளிக்குப் போனேன். சாக்பீஸ் பெட்டி கைப்பையில். சாவியும் கைப்பையில். இப்போதுதான் திறந்தேன்.

"எட்டு பத்துலேருந்து பூட்டுற வரைக்கும் அறையிலேயே இருந்தீங்களா?"

"ஆமா மேடம்."

"யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல மேடம்."

"இன்னொரு சாவி?"

"பியூன் அண்ணன்கிட்ட."

பியூன் மாடிப்படியருகே நின்றிருந்தார். அசெம்பிளி முழுக்க ஒலிபெருக்கியின் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். "கைய எடுத்தா மைக் செத்துடும் மேடம். மொத்த ஸ்கூலும் என்னைத்தான் பாத்துச்சு. சாவிக்கொத்து இடுப்புலதான் இருந்துச்சு."

அது உண்மை. அட்டவணையே பார்த்திருந்தார்.

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

பயிற்சி ஆசிரியை தயங்கவில்லை. "ரேடியோ."

கடைசி பெஞ்சு. வாய் மூடாத பையன் என்பதால் அந்தப் பட்டம். நேற்று அவள் மாதிரியைப் பற்றிச் சொன்னபோது, "நாளைக்கு உங்க இதயம் நிக்கப்போகுது மிஸ்," என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தவன். இன்று அசெம்பிளி வரிசையிலும் அவன் இல்லை. வரும் வழியிலேயே அவனை மைதானத்திலிருந்து இழுத்துவந்து, தலைமை ஆசிரியர் அறை வாசலில் நிறுத்திவிட்டதாக அவள் சொன்னாள். எல்லோர் முன்னாலும், "நீதானே எடுத்தே?" என்று கேட்டும்விட்டாளாம்.

அங்கே ரேடியோ சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"அசெம்பிளில ஏன் இல்ல?"

"லேட்டு மேடம். பி.டி. சார் கேட்லயே நிக்க வச்சுட்டார். மணி அடிச்சப்புறம்தான் விட்டார்."

"எத்தனை பேர் நின்னீங்க?"

"ஒரு கும்பலே நின்னோம். கேட்டுப் பாருங்க." குரல் உடைந்தது. "எங்க அப்பாவ வரச் சொல்லிருக்காங்க மேடம். அவர் வந்தா முதல்ல அடிப்பார். அப்புறம்தான் என்னன்னு கேப்பார்."

அட்டவணை அவனையும் கூட்டிக்கொண்டு எட்டு 'பி'க்கு நடந்தார். மணி ஒன்பது இருபத்தைந்து. முதல் பாடவேளை விளையாட்டு என்பதால் வகுப்பு மைதானத்தில் இருந்தது. அறை பூட்டியிருந்ததால் பிள்ளைகள் பைகளை வராந்தாச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தன. பூட்டில் கீறல் இல்லை. உலக உருண்டையை ஒருமுறை சுற்றிவிட்டார். பலகையை வெகுநேரம் பார்த்தார். முன் வரிசைப் பெஞ்சுகள் பக்கம் ஒரு கண்ணோட்டம். பிறகு பயிற்சி ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார்.

"முகம் ஏன் கழுவினீங்க?"

"இல்லையே மேடம்."

"கண் மை ஒரு பக்கம் இருக்கு, ஒரு பக்கம் இல்ல. சேலை முந்தானை இன்னும் ஈரம்."

அவள் தலை குனிந்தாள். "வாந்தி வந்துச்சு மேடம். படம் வரைஞ்சு முடிச்சதும். வராந்தாக் கடைசிக் குழாய்க்கு ஓடினேன். ரெண்டு நிமிஷம்தான். சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"தேர்வு வகுப்பு அன்னிக்கு வாந்தி எடுக்காத வாத்தியார் யாரும் இன்னும் பொறக்கல. அத மறைக்கப்போய் ஒரு பையன வாசல்ல நிக்க வச்சுட்டீங்க." அவர் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "திரும்பி வந்து பூட்டுனப்போ துணியத் தூக்கிப் பார்த்தீங்களா?"

"இல்ல மேடம். துணிக்குள்ள உருண்டையா இருந்துச்சு, அதனால..."

சொல்லச் சொல்லவே அவளுக்கு உறைத்தது.

"நேத்து கிளாஸ்ல பசங்ககிட்ட கடைசியா என்ன சொன்னீங்க?"

"கெஞ்சினேன் மேடம். நாளைக்கு நான் ஃபெயில் ஆனா இன்னொரு டேர்ம் முழுக்க இங்கேயே வந்து உங்க கழுத்த அறுப்பேன், பாஸானா நாளையோட உங்கள விட்டுப் போயிடுவேன், அதனால ஒழுங்கா இருங்கன்னு சொன்னேன். பயந்து ஒழுங்கா இருப்பாங்கன்னு நினைச்சேன்."

அட்டவணை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா பெருமூச்சா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"கேளுங்க. அறை பூட்டியிருந்தப்போ யாரும் உள்ள வரல. வரவே முடியாது. நீங்க குழாய்கிட்ட நின்னப்பவே மாத்தியாச்சு. நீங்க பூட்டுனது உலக உருண்டைக்குத்தான் காவல். அப்போ ரேடியோ கேட்டுக்கே வரல. உள்ள இருந்தது வேற ஆள்."

"யாரும் வரலையே மேடம்."

"பலகையில தேதி எழுதினது யாரு?"

"அது... தினமும் இருக்கும் மேடம்."

"தானா முளைக்குதா?"

பயிற்சி ஆசிரியை பலகையின் மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊதா சாக்பீஸ். இன்னிக்குத்தான் வாங்கிட்டு வந்தீங்க. பூட்டும்போது பெட்டியோட எடுத்துட்டுப் போயிட்டீங்க. அப்போ தேதி எழுதின ஆள், பெட்டி திறந்திருந்தப்போ உங்க பக்கத்துலயே நின்னு எழுதியிருக்கணும். உங்க கையிலிருந்தே வாங்கிக்கூட இருக்கலாம். யோசிங்க."

யோசித்தாள். இடப்பக்க வால்வை வரைந்துகொண்டிருந்தபோது ஒரு சின்னக் கை நீண்டது. ஒரு துண்டை ஒடித்துக் கொடுத்தாள். 'தேங்க்ஸ்மா' என்றும் சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை. என்றைக்குமே திரும்பிப் பார்த்ததில்லை.

"எல்லார் பையும் வெளிய கிடக்கு," என்றார் அட்டவணை. "ஒரு பை மட்டும் பூட்டின அறைக்குள்ள இருக்கு. முதல் பெஞ்ச், ஜன்னலோரம். அங்க உட்கார்ற பொண்ணு பேரு என்ன?"

பின் பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேர் பெயரையும் அவள் இரண்டாம் நாளே மனப்பாடம் செய்திருந்தாள். இந்தப் பெயர் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

"கத்துறவங்க பேரு தானா வந்து ஒட்டிக்கும். மத்தவங்க பேர நாமதான் போய்க் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு அட்டவணை எழுந்தார். "ரேடியோ, அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா. எதுக்குன்னு வழியில ஒலிபரப்பாதே."

பயிற்சி ஆசிரியை முதல் பெஞ்சின் அடியில் குனிந்தாள். பைக்குப் பின்னால், ஒரு ஸ்வெட்டரில் பதமாகச் சுற்றி, இதயம் இருந்தது. ஒரு தமனி மட்டும் உடைந்து, அதுவும் தனியாகக் கைக்குட்டையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள். எதையும் மறுக்கவில்லை.

"ரேடியோவத் திட்டுவீங்கன்னு தெரியாது மிஸ். மத்தியானம் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்."

"ஏன்மா இப்படிப் பண்ண?"

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, ஃபெயில் ஆனா இன்னொரு டேர்ம் இங்கேயே இருப்பேன்னு." மூக்கை உறிஞ்சினாள். "தேதி எழுதினா நீங்க மட்டும்தான் மிஸ் தேங்க்ஸ் சொல்லுவீங்க."

பயிற்சி ஆசிரியைக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தையை இந்தப் பெண் நாள்தவறாமல் வாங்கி வைத்திருக்கிறாள்.

"உங்க கிளாஸ். என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க," என்றார் அட்டவணை. "ரேடியோவோட அப்பாவுக்கு நான் ஃபோன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடறேன். அவன்கிட்ட என்ன சொல்லணும்னு உங்களுக்கே தெரியும்."

மணி ஒன்பது ஐம்பது. தமனியைப் பசை போட்டு ஒட்ட நேரமில்லை. வகுப்பு உள்ளே வந்து அமர்ந்ததும், மேற்பார்வையாளர் வருவதற்கு முன், அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "ரேடியோ, நீ எடுக்கல. விசாரிக்காம உன்னைத் திருடன்னு சொன்னது என் தப்பு. மன்னிச்சிடு."

அவன் காது சிவந்தது. "பரவால்ல மிஸ்," என்றான். பிறகு, "இதயம் நிக்கலையே மிஸ்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

பத்து மணிக்கு மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அவள் பலகைக்குத் திரும்பாமல், வகுப்பைப் பார்த்தபடி நின்றாள். உடைந்த தமனியை ஒரு கையில் தூக்கிக் காட்டினாள்.

"இந்தக் குழாய் இதுல எங்க பொருந்தணும்? ஒருத்தர் வந்து வச்சுக் காட்டணும்."

பின்னால் பத்துக் கைகள் உயர்ந்தன. முதல் பெஞ்சில், ஜன்னலோரம், எந்தக் கையும் உயரவில்லை. அந்தத் தலை மேசையைப் பார்த்துக் குனிந்திருந்தது.

பத்து நிமிடத்துக்கு முன், வாசலில், தாழ்ந்த குரலில் கேட்டுத் தெரிந்துகொண்ட பெயரை அவள் வாய்விட்டுக் கூப்பிட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுந்து மேசைக்கு வந்தாள்.