பங்களாவின் காப்பி மெஷின்

பிடுங்கிய பிளக் தரையில் கிடந்தது. ஆனாலும் காப்பி மெஷினின் பிரஷர் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அந்தோணிதாஸ் கண்ணாடியை விரலால் தட்டினான். முள் நடுங்கி இறங்கி, மறுபடி ஏறியது. வயர்மேன்களின் வழக்கப்படி புறங்கையால் பித்தளை உடம்பைத் தொட்டான். வெதுவெதுவென்று இருந்தது.

“எத்தன நாளாக்கா இப்படி?”

“ஜக்கரியா பாய் செத்ததுலேருந்துதான் தாஸு. தொட்டா ஷாக் அடிக்குது, காப்பியும் ஒழுங்கா எறங்க மாட்டேங்குது. தொரை நாளைக்குப் பினாங்குலேருந்து வந்துருவாரு லா. ஆறு மணிக்குள்ள முடிச்சிரு, கேட்டு சாத்திருவானுங்க.”

பங்களா ஆயா குணவதி துணிக்கூடையோடு பின் வராந்தாவுக்குப் போய்விட்டாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சமையலறையில் ஈரச்சுவர் வாடையும், அதற்கு அடியில் பழைய காப்பி வாடையும் தங்கியிருந்தன.

அவனுக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. துரையின் இத்தாலி மெஷினுக்கும் பங்களாவின் அபாய சைரனுக்கும் ஒரே பியூஸ். மூன்று வாரத்துக்கு முன் இதே மெஷினைப் பார்க்க வந்தபோது, பியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். உள்ளே கை இருக்கும்போது வேறொருவன் அதை மாட்டிவிடக் கூடாதே! நல்ல பழக்கம்தான். ஆனால் ஊரடங்கு நேரம் நெருங்கவே, அந்தப் பையோடு வீட்டுக்கு ஓடிவிட்டான். ராத்திரி சோற்றில் கை வைக்கும்போதுதான் நினைவு வந்தது. மலாயாவின் கெடாத் தோட்டங்களில் அந்த நேரத்தில் வெளியே தலை தெரிந்தால் சுடுவார்கள். விடியட்டும் என்று படுத்துவிட்டான், கெட்டிக்காரன்.

அன்றிரவு காட்டுக்காரர்கள், காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரர்களோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகள், துரையைத் தேடி வந்தார்கள். துரை ஊரில் இல்லை. சமையற்காரர் ஜக்கரியா பாய் மட்டும் இருந்தார். காலையில் கூட்டம் கூடியபோது, நடைக்கூடத்துச் சைரன் சுவிட்சிலிருந்து, சுடப்பட்டுச் செத்திருந்த அவர் விரலைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சந்தடியில் அந்தோணிதாஸ் பியூஸை மாட்டினான். போலீஸிடம், “சைரன் பழசு ஐயா,” என்றான். உண்மை தெரிந்தால் காட்டுக்காரர்களுக்கு உடந்தை என்பார்கள். விசாரணையே கிடையாது, தடுப்பு முகாம்தான். வீட்டில் மனைவி அகத்தாவுக்கு ஏழு மாதம்.

இன்றும் பியூஸைக் கழற்றிப் பையில் போட்டான். மெஷினைத் திறந்தான். ஹீட்டர் வயரின் உறை கருகி, உள்கம்பி பித்தளை உடம்பில் உரசியிருந்தது, ஷாக்குக்குக் காரணம் அதுதான். டேப் சுற்றினான். வெடித்திருந்த ரப்பர் வாஷரை மாற்றினான். இனி பிரஷர் ஒழுகாது. எல்லாம் சரி.

முள் மட்டும் இறங்கவில்லை.

கைப்பிடி தானாகத் தாழ்ந்தது. பழகிய கை இழுப்பதைப் போல, நிதானமாக. உள்ளே தூளே இல்லை. ஆனாலும் கறுப்பாக ஒரு நூல் கோப்பையில் இறங்கியது. வெண்ணெயும் சீனியும் போட்டு வறுத்த கொட்டையின் மணம். பாயின் காப்பி.

“பாய்... நான் வேணும்னு செய்யலை பாய்.”

டக்.

நடைக்கூடத்திலிருந்து வந்தது.

டக். டக்.

எட்டிப் பார்த்தான். யாருமில்லை. சுவரில் சைரன் சுவிட்ச் மேலே போய், கீழே வந்து, மேலே போய்க்கொண்டிருந்தது. அவசரமாக. இன்னும் அவசரமாக. டக்டக்டக்டக்.

பியூஸைப் பையிலிருந்து பிடுங்கினான். ஒருமுறை நழுவியது. மாட்டினான்.

சுவிட்ச் நின்றது. சைரன் அடிக்கவில்லை. கோப்பையில் சொட்டுவதும் நின்றது. பிறகு, பின்னால் ஒரு வெறுங்கால் தரையில் பதிந்தது.

ஜன்னலுக்கு ஓடினான். பத்தடி தள்ளி வராந்தாவில் குணவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா!”

அவள் நிமிரவில்லை.

“அக்கா! குணவதியக்கா!” தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். கம்பியைப் பிடித்து உலுக்கினான். அவள் வாய்க்குள் முணுமுணுக்கும் பாட்டு அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. கூரை நீர் சொட்டுவது கேட்டது. தன் குரல் மட்டும் கேட்கவில்லை.

இன்னொரு காலடி.

வாயை முழுக்கத் திறந்து மறுபடி கத்தினான். பிடரியில் காப்பி மணத்தோடு சூடான மூச்சு பட்டது. குணவதி ஒரு துண்டை உதறி, நாலாக மடித்து, கூடையில் வைத்தாள்.