வெளிக்கடிகாரம் வந்த வீடு

நடைவழியில் மனைவி நடந்து வந்த ஓசை சமமாக இருந்தது.

அதில் குறை காண வேறு எவருக்கும் தோன்றியிராது, அவருக்குத் தோன்றியது. மாடிப்படியில் விழுந்து முழங்கால் முறிந்த நாளிலிருந்து அவள் வலக்காலை ஊன்றியும் இடக்காலை இழுத்தும் நடப்பவள். ஊன்றல் கனமாகக் கேட்கும். இழுவை மெலிதாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவே செருப்பு தரையை உரசும் ஒரு சின்னஞ்சிறு தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தைக் கொண்டே, அவள் எந்த அறையில் எந்த முகத்தோடு இருக்கிறாள் என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இன்று அது இல்லை. ஒரே கனம், ஒரே இடைவெளி, அளவுகோல் வைத்துக் கோடு இழுத்ததைப் போன்ற நடை.

"கால் வலி குறைஞ்சிடுச்சா?"

"வலியா? அது எப்பவும் போலத்தான்" என்றாள் அவள், தேநீரை மேசைமேல் வைத்துவிட்டு. திரும்பிப் போனபோதும் அதே சமம்.

ஒலிக்கருவிகளைச் சோதித்து இதழ்களில் எழுதுவது அவர் தொழில். வணிகர்களிடையே அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவரே மனைவியின் தம்பிதாம்; ஒலிக்கருவிக் கடை வைத்திருப்பவர். அவர்தாம் சென்ற வாரம் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிவந்து, பிள்ளையைத் தொட்டிலில் இடுவதைப் போல் அலமாரியில் வைத்தார். எண்களாகப் பதிந்திருக்கும் பாட்டை ஒலியாக மாற்றும் பெட்டிக்கு வெளியிலிருந்து தாளம் தட்டிக் கொடுக்கும் கடிகாரம் அது. முள் இல்லை, எண்முகம் இல்லை, முகப்பில் ஒரு பச்சை விளக்கு மட்டும்.

"போட்டுப் பாருங்க அத்தான். பாட்டு அப்படியே மூச்சு விடும்."

"ஒலிமாற்றிக்குள்ளயே ஒரு கடிகாரம் இருக்கே மச்சான். பக்கத்துல இருக்கிறவன் சொல்றதை விட்டுட்டு, கம்பி வழியா தூரத்துல இருக்கிறவன் சொல்றதைக் கேட்டா எப்படி உருப்படும்?"

"அதுக்குத்தானே இந்த விலை."

"விலைக்குக் காரணம் கேட்டா காரணத்துக்கு விலையைக் காட்டுற."

மனைவி சிரித்தாள். "ரெண்டு பேரும் மல்லுக்கட்டாதீங்க. காது உள்ளவர் கேட்டுச் சொல்லட்டும். பாம்புக்குக் காதே கிடையாதுன்னு வேற சொல்றாங்க."

கேட்டுச் சொல்வதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. அறையின் குறுக்கே தடித்த திரை தொங்கும். திரைக்குப் பின்னால் மனைவி அமர்ந்து, கடிகாரத்தைச் சேர்ப்பதும் விலக்குவதுமாக ஒரு விசையைத் தன் விருப்பம்போல் திருப்புவாள். இப்பால் அவர் கண்மூடிக் கேட்டு, சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். சரியென்றால் ஒரு கிண்ணத்திலும், தவறென்றால் மற்றொன்றிலும் அவள் சட்டைப்பொத்தான் ஒன்றைப் போடுவாள். இத்தனை ஆண்டுகளில் அவள் ஒருமுறைகூட அவருக்குச் சாதகமாகப் பொத்தானை மாற்றிப் போட்டதில்லை. அவர் எழுத்தின் நாணயம் முழுவதும் அவள் விரல்களில் இருந்தது.

இரண்டு கிண்ணங்களும் ஏறத்தாழ ஒரே அளவு நிரம்பும், இது வெறும் ஏமாற்று வேலை என்று அச்சில் ஏற்றிவிடலாம் என எண்ணியிருந்தார். தேநீருக்குப் பின் நடந்த சோதனை முடிந்து திரையை விலக்கிப் பார்த்தபோது, சரியென்பதற்கான கிண்ணம் நிறைந்திருந்தது. மற்றொன்றில் ஒரு பொத்தான்கூட இல்லை.

தாம் கேட்டது பாட்டை அன்று என்பது அவருக்குத் தெரியும். பாட்டில் ஒரு வேறுபாடும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தெரிந்தது. எது தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

தம்பிக்காக அக்காள் பொத்தானை மாற்றிப் போட்டாளோ? சமமாக நடப்பதும் தம் காதைக் குழப்புவதற்கான ஏற்பாடோ? இப்படி நினைத்ததற்கு அவர் வெட்கப்பட்டார்; நினைப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பிற்பகலிலேயே அறையின் மூலைகள் மங்கின. திரையிலிருந்து ஈரத்தூசியின் மணம் எழுந்தது. சோதனையை மீண்டும் தொடங்குவதாகச் சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் ஒலிபெருக்கியின் கம்பிகளைக் கழற்றினார். இப்போது பாட்டே இல்லை. பொய் சொல்பவள் என்றால் இங்கே மாட்டிக்கொள்வாள்.

"பாட்டு வரலையே" என்று அவள் கேட்கவில்லை.

விசை திரும்பியது. அவர் கண்ணை மூடினார்.

திரைக்கு அப்பால் மூச்சு கேட்டது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. எல்லாம் ஒரே நீளம்.

"சேர்ந்திருக்கு" என்றார்.

கிண்ணத்தில் பொத்தான் விழுந்தது. விசை திரும்பியது. அவர் காத்திருந்தார். மழை சன்னலைத் தொட்டது, மரச்சட்டம் முனகியது, தம் தொண்டைக்குள் எச்சில் இறங்குவதும் கேட்டது. திரைக்கு அப்பால் ஒன்றும் இல்லை. மூச்சை அடக்கியவரின் இறுக்கம்கூட இல்லை. ஆளற்ற நாற்காலியின் அமைதி.

"விலகியிருக்கு."

விசை திரும்பியது. அதைத் திருப்பிய கையின் அரவம் கேட்கவில்லை; மூச்சு மட்டும் தொடங்கியது, பாதியில் விட்ட இடத்திலிருந்து. பொத்தான் விழுந்தது.

அவர் எழுந்தார். கம்பிகளை ஒலிபெருக்கியில் மீண்டும் செருகி, பாட்டை உரக்க வைத்தார். "இன்னைக்குப் போதும். கொஞ்சம் தண்ணி கொண்டுவா."

சமநடை அறையைவிட்டு வெளியேறியது. நடைவழியில் தேய்ந்தது. பிறகு வளர்ந்தது. அவர் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, கடிகாரத்தின் கம்பியைப் பற்றிக்கொண்டார். அவள் அறையின் வாசற்படியில் தெரிந்ததும் பிடுங்கினார்.

பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. பாடகி தொடர்ந்து பாடினாள். ஒரு சுரம் மங்கவில்லை. ஒரு சொல் கலங்கவில்லை. அவர் சொல்லிவந்தது சரி.

அவள் நின்றுவிட்டாள்.

இடக்கால் தரைக்கு மேலே. கையில் தண்ணீர்க் குவளை. வாய் ஏதோ சொல்லத் திறந்தபடி. தோளில் ஈரத்துண்டு. இமை அசையவில்லை. குவளையின் விளிம்பில் திரண்ட துளி விழவில்லை.

அவளுக்குப் பின்னால், வீட்டின் கோடியிலிருந்து, ஒரு கதவு திறக்கும் ஓசை.

கனம். உரசல். மெலிவு.

கனம். உரசல். மெலிவு.

"ஏங்க, எத்தனை தடவை கத்துறது? இந்தப் பாட்டுச் சத்தத்துல காதே அடைச்சுப் போச்சா உங்களுக்கு? பின்கட்டுக் கதவு சிக்கிக்கிட்டுத் திறக்கவே மாட்டேங்குது. எத்தனை நேரமா இடிக்கிறேன்."

அவள் குரல். அலுப்பும் கேலியும் கலந்த அவளுடைய குரல். அவருக்கு அழுகை வந்தது. வராதே என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் வாசற்படியில் நின்றவளின் இமை அசைந்தது.

கம்பி அவர் கையில்தான் இருந்தது. அதன் முனை எதிலும் சேர்ந்திருக்கவில்லை. அவர் அதைப் பார்த்தார். இரண்டுமுறை பார்த்தார்.

வாசற்படியில் உயர்ந்திருந்த கால் இறங்கியது.

துளி விழுந்தது.

நின்றிருந்தவள் அவர் பக்கம் பார்க்கவில்லை. குவளையைத் தரையில் வைத்தாள். திரும்பினாள். நடைவழியின் இருட்டுக்குள் நடந்தாள்.

கனம். உரசல். மெலிவு.

"யாரது?" என்றது உள்ளிருந்து வந்த குரல்.

"யாரது?" என்றது அதே குரல்.

இரண்டு நடைகள். ஒரே ஊன்றல், ஒரே இழுவை, ஒரே தயக்கம். நெருங்கின. கலந்தன. அவர் காதைத் தீட்டினார். ஊரே மெச்சிய அந்தக் காது ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க முடியாமல் அந்த இருட்டில் தடவியது. ஏதோ கீழே சரிந்தது. துணி கிழிந்தது. ஒரு மூச்சுத் திணறியது.

பிறகு நடைகள் இரண்டும் சேர்ந்து அவரை நோக்கி வந்தன.

வாசற்படியில் இருவர் நின்றனர். ஒரே முகம். நெற்றியில் ஒட்டிய ஒரே ஈரமயிர். இருவருக்கும் மூச்சு ஏறியும் இறங்கியும் தடுமாறியது. இருவர் கண்களும் அவரைக் கெஞ்சின. ஒருத்தி மற்றவளின் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த அந்த மங்கலில், பிடித்திருந்தது எவள், பிடிபட்டிருந்தது எவள் என்பது தெரியவில்லை.

பாட்டு மிகத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.