முதலில் பதிந்தவனின் காட்சி

செவ்வாயின் மூன்றாம் குவிமாடத்தில் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளும் தொல்லை யாருக்கும் இல்லை. இமைக்காமல் பார்த்தால் போதும், கண்ணுக்குள் இருக்கும் விழிப்பதிவி ஓடத் தொடங்கும். அது ஓடும்வரை மூளைக்கு ஓய்வு. ஆகவே சந்தை நடுவில் முகில்வண்ணன் கழுத்து அறுபட்டுச் செத்துக் கிடந்தபோது, சுற்றி நின்ற நாற்பது பேருக்கும் என்ன நடந்ததென்று தெரியவில்லை. அவர்களில் ஒருவன் அவனுடைய அண்ணன் சேந்தன். அவன் சட்டையெல்லாம் தம்பியின் ரத்தம்.

"நாப்பது பதிவும் அழிஞ்சு போச்சு," என்று சேந்தனிடம் சொன்னார் காவல் ஆய்வாளர் எஸ்தர். "வெட்டினவன் அந்த நிமிஷமே இந்தக் காட்சி தன் படைப்புன்னு பதிஞ்சிட்டான். மத்ததெல்லாம் திருட்டு நகல் ஆயிடுச்சு. நீங்க செஞ்ச காட்சிப்பூட்டு தன் வேலையைச் சுத்தமா பார்த்திருக்கு சார்."

"பதிஞ்சவன் பேரு?"

"படைப்பாளி பேரை வெளிய விடக்கூடாதுன்னு விதி எழுதினதும் நீங்கதான். கோர்ட்டு பார்க்கணும்னாலும் அவன் அனுமதி வேணும்."

முகிலின் சிலம்ப வீடியோக்களை ஊரே தரவிறக்கித் தங்கள் பெயரில் போட்டுப் பவிசு காட்டியது. அது பொறுக்காமல் தம்பிக்காகத்தான் சேந்தன், திருட்டு நகல்களைத் தானே அழிக்கும் அந்தப் பூட்டைச் செய்தான். தன் விரலே தன் கண்ணைக் குத்தும் என்று கண்டானா?

மீன் கடை பாத்துமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வாமையால் பதிவியை எப்போதோ எடுத்துவிட்டவர். இரண்டு விரல் போன கையில் சுற்றியிருந்த துணி ஊறிச் சொட்டியது.

"நான் பார்த்தேன். மூணு வெட்டு. குறுக்க விழுந்தேன், கையைச் சீவிட்டான். ஆளைக் காட்டச் சொன்னா காட்டுவேன்."

"வெறுங்கண் சாட்சி செல்லாதும்மா," என்றார் எஸ்தர்.

சேந்தன் பக்கத்தில் நின்றவனின் சட்டையைப் பிடித்துக் கடைத்தூணில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. "நாப்பது பேர் நின்னீங்களேடா, ஒருத்தன் தடுத்திருந்தா என் தம்பி பொழச்சிருப்பானே," என்று மறுபடியும் மோதினான்.

"அவனை விடுப்பா," என்றார் பாத்துமுத்து. "முதல் வெட்டு விழுந்ததும் உன் தம்பி 'அண்ணே'ன்னு உன்கிட்டதான் ஓடி வந்தான். உன் சட்டையைப் பிடிச்சுத் தொங்கினான்."

"நான் என்ன செஞ்சேன்?"

"கண்ணை இமைக்காம நின்னே."

சேந்தன் குனிந்தான். சட்டையில் ஐந்து விரல்களின் தடம் கீழ்நோக்கி இழுபட்டிருந்தது. வாய்விட்டு அலறிக்கொண்டு மண்டியிட்டான்.

சுற்றி நின்றவர்களில் ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒருவரும் இமைக்கவும் இல்லை.