உடைக்காத வாள்

மழை வலுத்ததும் கசாக் குதிரைப்படை, எஜமானர்கள் ஓடிப்போன பண்ணை ஒன்றின் லாயத்தில் ஒதுங்கியது. கூரை பாதிதான் இருந்தது. மீதியைப் பற்றி யாரிடம் புகார் சொல்வது?

சவேலி குதிரையைக் கட்டிவிட்டு இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். வாள் இருந்தது. அவனுடையதல்ல; காலையில் புதைத்த எர்மோலாயினுடையது.

வம்சத்தின் கடைசி ஆண் செத்தால் அவன் வாளை இரண்டாக ஒடித்துக் குழியில் போடுவது டான் நதிக்கரை வழக்கம். எர்மோலாய்க்குப் பிள்ளையில்லை, தம்பியில்லை. ஒடிக்கிற வேலை சவேலியிடம் வந்தது. அவனுடைய சொந்த வாளோ முந்தின நாள் சண்டையிலேயே ஒடிந்திருந்தது. அதைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுக் குழிக்குள் இறக்கினான். எர்மோலாயின் முழு வாள் சவேலியின் உறைக்குள் போனது. பிரார்த்தனை கணீரென்று நடந்தது.

“தோட்டா தீந்துபோச்சு. மழை விட்டதும் எதிரி பிடிச்சிருக்கிற பாலத்து மேல பாயணும். வாள் இல்லாம எதை வீசுறது லுக்கியான் அண்ணே, தொப்பியையா?” என்று பக்கத்தில் ஒதுங்கியிருந்த தோழனிடம் கேட்டான் சவேலி.

“உயிரோட இருக்கும்போது சீப்பையே இரவல் குடுக்காதவன்டா அவன்,” என்றான் லுக்கியான்.

குதிரைகள் மெல்லுவதை நிறுத்தின.

வெளியே, சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியில் வாளுறை இடிக்கும் சத்தம். நின்றது. மறுபடி, சுவருக்குப் பக்கத்தில்.

“யாருண்ணே காவல் சுத்துறது?”

“நாமதான்டா காவல்.”

புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை உள்ளே வந்தது. சவேலி வாளை உருவப் பார்த்தான். வரவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். உள்ளேயிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் இருந்தது.

“எர்மோலாய் அண்ணே,” என்று இருட்டைப் பார்த்துக் கிசுகிசுத்தான். “இந்த ஒரு தடவ. வீட்டுல பொண்டாட்டி புள்ளத்தாச்சி. பாலத்தத் தாண்டினதும் நானே ஒடிச்சுக் கொண்டாந்து போட்டுடறேன்.”



இடுப்பில் பாரம் குறைந்தது.

மழை விட்டது. ஊதுகொம்பு முழங்கியது. சேணத்தில் ஏறிய சவேலி பிடியை இழுத்தான். இப்போது வெண்ணெயில் கத்திபோல் வந்தது.

நாலு விரல் நீளத்தில், மொட்டையாக. பிடியில், காலையில் குழிக்குள் இறக்குமுன் அவன் சுற்றிய துணி. அவனே போட்ட முடிச்சு. அதிலிருந்து ஈரமண் உதிர்ந்தது.

“பாய்!” என்றார் தளபதி.

அவனுக்கு இடப்பக்கம், எர்மோலாயின் ஆளில்லாத குதிரை தானாக வந்து வரிசையில் நின்றது. சேணம் காலி. அங்கவடி இரண்டும் மட்டும், யாரோ ஏறி எழுந்து நிற்பதுபோல், விறைத்து இழுபட்டிருந்தன.