எக்ஸ்ரேயில் ஐந்து விரல்கள்

சர்வரில் இருந்த படத்தில் கை இல்லை. டவுன்லோட் செய்த படத்தில் இருந்தது.

அம்சவேணி இரண்டையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். குடுபல்லி ஊர்க்காரர் முனுசாமியின் நெஞ்சு எக்ஸ்ரே. இடது தோளைத் தாண்டி இறங்கிய ஐந்து விரல் எலும்புகள் இதயத்தின் நிழலைப் பொத்திப் பிடித்திருந்தன. திருப்பதி ஸ்கேன் சென்டரின் அந்த மாடி அறையில் மத்தியான வெயில் கண்ணாடியைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஏசியின் முனகலும், கீழேயிருந்து ஏறிவந்த டெட்டால் வாடையும், யாரோ ஒரு நோயாளியின் வறட்டு இருமலும் ஒன்றாகச் சேர்ந்து அவள் பிடரியில் வந்து உட்கார்ந்தன. நோயாளிகள் வீட்டிலிருந்தே ரிப்போர்ட்டை இறக்கிக்கொள்ளும் வெப்சைட்டை எழுதியவள் அவள்தான். இருக்கிற ஃபைலை அப்படியே எடுத்து பிரௌசருக்கு அனுப்புவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

காலையில் முனுசாமியின் மகள் கல்பனா போன் செய்திருந்தாள். "மேடம், ரெண்டு தரம் எறக்கிப் பாத்துட்டேன். மொதல்ல கை தோள்கிட்ட இருந்துச்சு. இப்ப கீழ எறங்கிக்கினு இருக்குது. நைனா மூச்சு முட்டுதுன்றாரு."

"இன்னொரு தரம் எறக்கிப் பாருங்கம்மா" என்று சொன்னவள் அம்சவேணிதான்.

இப்போது அவள் திரும்பக் கூப்பிட்டபோது யாரோ ஓர் ஆண் எடுத்தார். பின்னால் பெண்கள் அழும் சத்தம். "பெரியவரு பூட்டாரும்மா."

போனை வைத்த கையோடு அது அடித்தது. சித்தூர் கிளையிலிருந்து கிஷோர். இந்த விஷயத்தைப் பார்க்கும்படி காலையிலேயே அவனிடம் சொல்லியிருந்தாள்.

"அக்கா, அந்தாளு ஃபைல்ல மட்டுமில்ல. வேற ஒண்ணுலயும் வருது. பேஷண்டுங்களுத எதுக்குத் தொடணும்னு நம்ம ஸ்டாஃப் ஃபைல் ஒண்ண எடுத்துப் பாத்தேன்."

"யாருது?"

"உங்களுது. வேலைக்குச் சேந்தப்ப நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தீங்களே, அது."

இடது தோளில் ஏதோ சில்லென்று பட்டது. ஏசிக் காற்றாக இருக்கும். இருக்க வேண்டும்.

"எத்தினி தரம் எறக்கின, கிஷோர்?"

"ரெண்டு. இருங்க, இன்னொரு தரம் பாத்துட்டு..."

"வேணாம்! மவுஸ்லருந்து கைய எடு!"

"கிளிக் பண்ணிட்டேனேக்கா."

சர்வரை நிறுத்தினாள். திரை அணைந்தது. கீழே இருமல் நின்றது. ஏசியும்.

"அக்கா..." கிஷோரின் குரல் கம்மியது. "முழுசா வந்துடுச்சு."

மூச்சை இழுத்தாள். பாதியில் நின்றது.

குனிந்து பார்த்தாள்.

துப்பட்டாவுக்குக் கீழே, இடது நெஞ்சில், தோல் ஐந்து இடங்களில் உள்ளிருந்து மேடிட்டு எழுந்தது. பிறகு, அந்த ஐந்து மேடுகளும், விரல்களைப் போல, ஒவ்வொன்றாக மடங்கின.